கை தூக்கும் பள்ளிக்கூடம்

மைசூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஜோவிதா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் இவரும் உன் மகள் ஷாரனும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஹனூர்க் காட்டோரம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போய் உட்கார்ந்துகொண்டு, போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும் என்கிறாய். அந்தக் காலோடு ஏறித் தொலைக்காதே. கடிதமே போதும்.

சேதி கேள். உன் தங்கை எச்.எம். ஆகிவிட்டாள்! இப்போதைக்கு இன்சார்ஜ்தான். பள்ளிச் செயலர் எரிக் சார் ஜனவரி வரைக்கும் பார்ப்பாராம். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் பெங்களூரிலிருந்து வேறு ஆள் வரும். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இந்த நாற்காலி வேண்டும் அக்கா. இத்தனை வருஷம் கணக்கு டீச்சராகவே நின்று கால் கடுத்துப்போய்விட்டது.

போன வாரம் எச்.எம்.களுக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பள்ளியை ஒருத்தி தனியாக இழுக்கக் கூடாதாம், ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்த வேண்டுமாம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வந்ததும் வராததுமாகக் கூட்டம் போட்டேன். "இனிமே எதுவானாலும் பேசி, கை தூக்கித்தான் முடிவு. எல்லாரும் தூக்கினாத்தான் பாஸ்" என்று அறிவித்தேன். பதிமூன்று பேரும் உடனே கை தூக்கினார்கள். என்ன ஒற்றுமை தெரியுமா!

பத்தாம் வகுப்புக் கணக்கை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். அது கூட்டத்துக்கு வர வேண்டிய விஷயம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஜோவிதா


ஹனூர்
20 ஜூன் 2025

எச்.எம். அம்மாவுக்கு,

மரியபுஷ்பத்தின் கும்பிடு! சந்தோஷமடி. கடிதத்தை வார்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவர்கூடத் தலையாட்டினார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழை வந்தால் எனக்கு முந்தி அதற்குத் தெரிகிறது.

ஆனால் நீ எல்லாரையும் கேட்டுப் பள்ளி நடத்தப் போகிறாய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயசில் வீட்டு விளையாட்டு விளையாடும்போது நீதான் அம்மா, நீதான் அப்பா, பால்காரரும் நீதான். என்னை மாடாக நிற்க வைப்பாய். மாட்டிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எச்.எம். வேலையோடு பத்தாம் வகுப்பையும் எப்படிச் சமாளிக்கிறாய்? நேரம் கிடைக்கிறதா? ஷாரன் முதல் வகுப்புப் பிள்ளைகளை அடிக்காமல் பாடம் நடத்துகிறாளா? தம்பி பர்னபாஸுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? எழுது.

அன்புடன்,
அக்கா


மைசூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஷாரன் எழுதுகிறேன். நல்லாயிருக்கிறேன். சித்தி மாவரைக்கப் போன சமயம் பார்த்து எழுதுகிறேன். இதைப் படித்ததும் எங்கேயாவது ஒளித்து வை.

சித்தி உனக்குக் கை தூக்கும் கதையை எழுதியிருப்பார். நிஜத்தில் நடப்பது என்னவென்றால், சித்தியின் கை போனால் எல்லார் கையும் போகும். சித்தியின் கை மேஜை மேல் இருந்தால் எல்லார் கையும் மடியில் இருக்கும். பழைய எச்.எம். காலத்துப் பழக்கம். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் யாரும் தும்முவதுகூடக் கிடையாது.

போன வாரம் ஆண்டு விழா பற்றிப் பேச்சு. எந்த வகுப்பு நாடகம் போடுவது என்று இழுத்துக்கொண்டே போனது. கன்னட டீச்சர் உமாதேவி மிஸ் சலித்துப்போய், "ஒவ்வொரு கிளாஸும் ஒண்ணு போடட்டும் மேடம். பத்து நாடகம். பாக்க வர்றவங்க பாய் தலையணையோட வரட்டும்" என்று கிண்டலடித்தார். அந்த நேரம் ஒரு குளவி வந்து சித்தியின் நெற்றிப் பக்கம் சுற்றியது. விரட்டுவதற்குச் சித்தி கையைத் தூக்கினார்.

பதிமூன்று பேர் கையும் மேலே போய்விட்டது அம்மா! என்னுடையதும்தான், சத்தியமாக எனக்கே தெரியாமல் போனது. உமாதேவி மிஸ் தான் அடித்த கிண்டலுக்குத் தானே கை தூக்கினார். சித்தி குளவியை விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "அட, இவ்வளவு ஆர்வமா? பாஸ்!" என்றார். அவ்வளவுதான், பத்து நாடகம்.

இன்னொன்று. சித்தி பத்தாம் வகுப்பில் கணக்கு ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிடும். பெற்றோர் வந்திருக்கிறார்கள், அதிகாரி வந்திருக்கிறார் என்று ஏதாவது ஒன்று. சித்தி ஓடிவிடுவார். பிள்ளைகள் போர்டில் இருக்கும் பாதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதை யார் போய்ச் சொல்வது? அந்த வகுப்பு சித்திக்கு உயிர். நீயும் சொல்லிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் செல்ல மகள்,
ஷாரன்


மைசூர்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இவருக்குச் சர்க்கரை பார்த்தோம், கட்டுக்குள் இருக்கிறது. இருந்தும் மனிதர் பேக்கரி வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறார்.

என் டீச்சர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆண்டு விழாவுக்குப் பத்து நாடகம் போடுவதாக அவர்களே முடிவெடுத்திருக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை, நம்பு! உமாதேவிதான் ஆரம்பித்தாள். அவளுக்குள் இப்படி ஒரு உற்சாகம் இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. பயிற்சியில் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுதந்திரம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய எச்.எம். என்றால் எட்டு மணிக்கே கேட்டில் நின்று முறைப்பார். நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன்.

அன்புத் தங்கை,
ஜோவிதா


ஹனூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், நோயாளிகளைத் தவிர.

பத்து நாடகமா? நல்லது, நல்லது. குளவி எதுவும் கொட்டிவிடவில்லையே? கொட்டினால் சுண்ணாம்பு தடவாதே, ஐஸ் வை. கூட்டம் நடத்தும்போது ஜன்னலைச் சாத்திக்கொள். நான் சும்மாதான் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. பாடம் வேகமாக நடக்கிறதா?

உன் அக்கா,
மரியபுஷ்பம்


மைசூர்
14 செப்டம்பர் 2025

அம்மா,

சுகம்தானே? நான் சுகமில்லை. குளவியைப் பற்றி எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்?

சித்திக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடிதம் வந்த அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சாப்பாட்டு மேஜையில் சித்தப்பாதான் தூது. "குழம்பு வேணுமான்னு உன் சித்தி கேக்கிறா." "வேண்டாம்னு உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க சித்தப்பா." சித்தப்பா பாவம், ஆறின சோறுதான் சாப்பிடுகிறார்.

சித்தியும் ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் திடீரென்று, "இந்த வருஷம் தசரா லீவு வேண்டாம். கிளாஸ் வைக்கலாம்னு நினைக்கிறேன்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

யோசித்துப் பார், மைசூரில் தசரா லீவு வேண்டாமாம்! உமாதேவி மிஸ் வீட்டில் கொலுவுக்குப் பொம்மைகளை இறக்கித் துடைத்து வைத்தாகிவிட்டது. எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சார் மனோஜ்குமார் வீட்டுக்கு யானை ஊர்வலம் பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். மனோஜ் சார் கைதான் எல்லாருக்கும் மேலே இருந்தது. உமாதேவி மிஸ்ஸுக்குக் கை மேலே போகிறது, கண்ணீர் கீழே வழிகிறது. நானும் தூக்கினேன் அம்மா, என்னை அடி.

சித்தி எங்கள் எல்லாரையும் பார்த்தார். "ஒருத்தருக்குக்கூடவா மறுப்பு இல்ல?" என்றார்.

"இல்ல மேடம்" என்று அதையும் எல்லாரும் சேர்ந்தே சொன்னோம்.

சித்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லீவு உண்டு, போங்க" என்றார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

ஷாரன்


மைசூர்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தசரா முடிந்தது. ஊரெல்லாம் கூட்டம், நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. குளவி விஷயத்தில் நீ சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது. பத்து நாடகத்தை நான் எப்படிப் பீற்றிக்கொண்டு எழுதினேன், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

லீவுக்கு முன்னால் எரிக் சார் வந்தார். டீச்சர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்டார். பதிமூன்று பேரும் ஒரே வாக்கியம் சொல்லியிருக்கிறார்கள்: "மேடம் சொன்னா சரியா இருக்கும் சார்." அவர் என்னிடம் வந்து, "மேடம், இவங்க பயத்துல சொல்றாங்களா பாசத்துல சொல்றாங்களான்னே எனக்குத் தெரியல. டீச்சர்ஸே எடுத்த முடிவு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, ஜனவரிக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா பெங்களூர் ஆளை வரச் சொல்லிடறேன்" என்றார்.

எப்படிக் காட்டுவது? முடிவு எடுங்கள் என்று நான் சொன்னால் அது என் முடிவு. சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். லீவு முடிந்து வரும்போது ஆளுக்கு ஒரு எதிர்ப்போடு வர வேண்டும், கட்டாயம், வராவிட்டால் நடப்பதே வேறு என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எனக்காக வேண்டிக்கொள் அக்கா. இந்த வேலை போய்விடும் போல இருக்கிறது.

ஜோவிதா


ஹனூர்
26 அக்டோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கால் வலி, மழை, பாம்புக்கடி கேஸ் இரண்டு. மற்றபடி சௌக்கியம். உனக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏன்டி, பயப்படாதே என்று அதட்டினால் யாருக்குப் பயம் போகும்? நானும் ஊசி போடும்போது அதட்டித்தான் பார்க்கிறேன், ஆள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான். கட்டாய எதிர்ப்பாம்! உன்னைக் கட்டிக்கொண்ட பர்னபாஸுக்குச் சிலை வைக்க வேண்டும்.

ஷாரனிடம் பேசு. சின்னப் பிள்ளை, என் ஓட்டை வாயால் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். உன் பத்தாம் வகுப்பு எப்படி இருக்கிறது?

அக்கா


மைசூர்
21 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்து! கேக்கைக் கொள்ளேகால் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், பாதி வந்து சேர்ந்தால் உன் அதிர்ஷ்டம்.

எதிர்ப்புகள் வந்தன. பதிமூன்று பேரும் ஒரே எதிர்ப்பு: குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. அதை நான் செப்டம்பரிலேயே சரி செய்தாயிற்று. என்னைப் புண்படுத்தாத எதிர்ப்பாகத் தேடிப் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நேற்று ஆண்டு விழா. பகல் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தோம். மூன்று வகுப்புகள் ஒரே கிறிஸ்து பிறப்பு நாடகத்தைத் தயார் செய்திருந்ததால் பாலன் ஒரே நாளில் மூன்று தடவை பிறந்தார். ஐந்தாவது நாடகத்தில் பெற்றோர் தத்தம் பிள்ளையை மேடையிலிருந்தே இறக்கிக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். எரிக் சார் கண்ணை மூடியிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தோம், குறட்டை வந்த பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து டீச்சர்களுக்குப் போண்டாத் தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். உள்ளே சத்தம்.

"அய்யோ, சாக்கப்பா சாக்கு, போதும்! என் தொண்டை போச்சு. பத்து நாடகம்னு யாரு சொன்னது?" உமாதேவி.

"நீங்கதானுங்க மிஸ் சொன்னீங்க." மனோஜ்குமார்.

"நான் கிண்டலுக்குச் சொன்னேன்!"

"கிண்டலுக்கு நீங்களே கை தூக்குவீங்களாங்க?"

"மேடம் தூக்கினாங்க, தூக்கினேன். நீங்க எதுக்கு ரெண்டு கையும் தூக்கினீங்க?"

அக்கா, சண்டை! அசல் சண்டை! ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டிப் பேசுகிறார்கள். குரல் உயர்கிறது. எனக்கு ஆனந்தக் கண்ணீர். கதவுக்கு வெளியே நின்று மூன்று போண்டா நானே தின்றுவிட்டேன். பிறகு உள்ளே போனேன். ஒரே நொடியில் எல்லாரும் எழுந்து நின்று, "விழா ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உள்ளே இருக்கும் வரை இவர்கள் வாய் திறக்காது. ஜனவரிக் கூட்டத்துக்கு எரிக் சார் வருகிறார். அவர் உள்ளே இருக்கட்டும், நான் வராந்தாவில் உட்காருகிறேன். முடித்துவிட்டு என்னைக் கூப்பிடட்டும்.

பத்தாம் வகுப்பு பற்றிக் கேட்டிருந்தாய். தாளில் இடமில்லை, இத்துடன் முடிக்கிறேன்.

ஜோவிதா


மைசூர்
18 ஜனவரி 2026

அம்மா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு இன்று மனசு இல்லை, மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். சித்தி வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். எரிக் சார் கடைசி பெஞ்சில். முதலில் எல்லாரும் பழக்கதோஷத்தில் சித்தியின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் உமாதேவி மிஸ், "எல்லாரும் தூக்கினாத்தான் பாஸ்ங்கறதை முதல்ல தூக்கிப் போடுவோம். பாதிக்கு மேல இருந்தா போதும்" என்றார். சரி என்றோம். "என்ன பேசலாம்?" என்றார். எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் மனசில் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

நான்தான் சொன்னேன் அம்மா. அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பில் பதினொரு பேர் கணக்கில் தேறவில்லை. மார்ச்சில் அரசுத் தேர்வு. பாடம் பாதியில் நிற்கிறது. மேடத்தை வகுப்பில் இருக்க யாரும் விடுவதில்லை, அந்த வகுப்பை மனோஜ் சாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றேன்.

மனோஜ் சார் பதறிப்போய், "ஐயோ, மேடம் கிளாஸுங்க. நான் எப்புடிங்க?" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம். பாவம் மேடம், அந்த ஒரு வகுப்பாவது இருக்கட்டும் என்று நாலு பேர். பிள்ளைகள் பாவம் இல்லையா என்று ஒன்பது பேர். அந்த ஒன்பதில் கடைசியாகச் சேர்ந்தது மனோஜ் சார்.

சித்தியைக் கூப்பிட்டோம். நானே சொன்னேன். எரிக் சார் எழுந்து, "மேடம், நீங்க வேண்டாம்னு சொன்னா இது நிக்காது. இன்னைக்கு எச்.எம். நீங்கதான்" என்றார்.

சித்தி என்னையே பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமைலேர்ந்து மனோஜ் சார். எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தத் தடவை சித்தப்பாவிடம்கூடப் பேச்சு இல்லை.

அம்மா, நான் செய்தது தப்பா? உடனே எழுது.

ஷாரன்


மைசூர்
15 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டும் கிடைத்தது. பதில் போடாததற்குக் கோபப்படாதே. எழுத உட்கார்ந்தால் உன் மகளைப் பற்றிய புகாராகவே வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். கால் தேவலாம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

அன்றைக்கு நேரே ஸ்டோர் ரூமுக்குப் போய், சுருட்டி வைத்த மேப்புகளுக்கு நடுவே நின்று அழுதேன். இருபது வருஷத்து வகுப்பு அக்கா. என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அதுவும் நான் வளர்த்த பிள்ளை வாயால். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் மறுபடி பதிமூன்று பேரும் தலையாட்டியிருப்பார்கள், அதுதான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியடு மணி அடித்ததும் கால் தன்னால் அங்கே போய்விட்டது. மனோஜ்குமார் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். என் வழியில் இல்லை, சுற்றிவளைத்துத்தான் போட்டான். ஆனால் கடைசி வரிவரை போட்டான். பிள்ளைகள் விடையை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்தேன். ஜூனிலிருந்து அவர்கள் பேனா மூடி நான் பார்த்த ஞாபகமே இல்லை. நீ ஏன் மூன்று தடவை கேட்டாய் என்று அப்போதுதான் விளங்கியது.

போன வாரம்தான் ஷாரனிடம், "வீட்டுலயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி" என்றேன். "வீட்ல சொன்னா என் வாயை அடைச்சிருப்பீங்க சித்தி" என்றாள். உண்மைதான். அன்று ராத்திரி அவளுக்குப் பிடித்த வஞ்சிர மீன் வறுத்துக் கொடுத்தேன். பர்னபாஸ் மூன்று வாரத்துக்குப் பிறகு சூடாகச் சாப்பிட்டார்.

நேற்று எரிக் சார் உத்தரவை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். நிரந்தரம். உன் தங்கை இனி அசல் எச்.எம். நான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனால், அங்கே என்னைக் கூப்பிடாமலே கூட்டம் நடந்து முடிந்திருக்கிறது. மேடத்துக்கு வகுப்பு இல்லாமல் இருக்க முடியாது என்று எனக்கு ஒரு பீரியடு போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, இரண்டாம் வகுப்பு, விளையாட்டு. யாருமே போக மாட்டேன் என்று ஓடுகிற பீரியடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது எப்ப முடிவாச்சு?" என்றேன். "இப்பத்தான் மேடம். ஜிலேபி ஆறிடும், குடுங்க" என்றாள் உமாதேவி. ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை அக்கா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தக் குட்டிகள் என்னை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். மார்ச் கூட்டத்தில் வேறு பீரியடு கேட்கலாம் என்று இருக்கிறேன். கிடைக்காது என்று உமாதேவி இப்போதே சொல்லிவிட்டாள்.

ஈஸ்டருக்குக் கட்டாயம் வா.

உன் தங்கை,
ஜோவிதா